வசூல் கணக்கோடு இழப்புக் கணக்கையும் வெளியிடுங்கள்: வரி வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

வரித் திட்டங்களை வரையும் அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பொருளியலாளர்களுக்கும்,

வணக்கம்.

எந்த நாட்டில் எந்த வரி முன்மொழியப்பட்டாலும் கூடவே ஒரு தொகை வந்துவிடுகிறது: இதனால் கருவூலத்துக்கு இவ்வளவு கிடைக்கும். விவாதம் முழுவதும் அந்தத் தொகையைச் சுற்றியே நடக்கிறது. ஆதரிப்பவர்கள் அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று அடுக்குகிறார்கள். எதிர்ப்பவர்கள் அவ்வளவும் மக்களின் பையிலிருந்துதானே போகிறது என்கிறார்கள். அரசுக்கு வந்ததும் மக்கள் இழந்ததும் ஒரே தொகைதான் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அந்த இரண்டும் ஒன்றல்ல என்பது உங்களுக்குத் தெரியும். பொருளியல் பட்டப்படிப்பின் முதல் ஆண்டிலேயே அதைப் படித்திருக்கிறீர்கள். நான் அந்தப் பாடத்தைக் கற்பிக்கிறவன். மாணவர்கள் அதைப் புரிந்துகொள்கிறார்கள், தேர்வில் சரியாக எழுதுகிறார்கள், பிறகு உங்கள் அலுவலகங்களுக்கு வேலைக்கு வருகிறார்கள். வந்தபின் அந்தப் பாடம் எங்கே போகிறது என்பதுதான் என் கவலை. பெரும்பாலான வரி முன்மொழிவுகளில் வசூல் மதிப்பீடு இருக்கிறது. அந்த வசூலுக்காக நுகர்வோர் இழக்கப்போகும் நலனின் மதிப்பீடு இல்லை. இரண்டாவதையும் முதலாவதோடு சேர்த்து வெளியிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

பேச்சு பொதுப்படையாக நின்றுவிடாமல் இருக்க ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருடைய வருமானம் 100. அவர் வாங்குவது இரண்டே பொருள்கள். இரண்டுக்கும் அலகு விலை 1. பாதிப் பணத்தை முதலாவதற்கும் மீதியை இரண்டாவதற்கும் செலவிடுவது அவர் வழக்கம். ஆக ஒவ்வொன்றிலும் 50 அலகு. அவர் அடையும் நலனை, இரண்டு அளவுகளையும் பெருக்கி வரும் எண்ணால் குறிப்போம்: 50 பெருக்கல் 50, 2,500. அந்த எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. இரண்டு நிலைகளில் எது மேல் என்று ஒப்பிட மட்டும் அது உதவும்.

இப்போது முதல் பொருளின் மீது அதன் விலை அளவுக்கே வரி விதியுங்கள். விலை 2 ஆகிவிடும். அவர் அதே 50-ஐ அதற்குச் செலவிட்டு 25 அலகுதான் வாங்குவார். இரண்டாவது பொருளில் மாற்றமில்லை. அரசுக்கு 25 கிடைக்கும். அவர் நலன் 25 பெருக்கல் 50, அதாவது 1,250.

அந்த வரியை எடுத்துவிட்டு, அதே 25-ஐ அவர் வருமானத்திலிருந்து நேரடியாகப் பெற்றுக்கொள்ளுங்கள். மீதி 75. விலைகள் பழையபடியே இருப்பதால் இரண்டிலும் 37.5 அலகு வாங்குவார். நலன் 1,406. கருவூலத்துக்கு இரண்டு வழியிலும் 25-தான். ஆனால் வாங்குபவர் இரண்டாவது வழியில் தெளிவாகவே மேலான நிலையில் இருக்கிறார்.

பொருள் வரியின்போது அவர் எவ்வளவு இழந்தார் என்பதைப் பணமாகவே சொல்லலாம். பழைய விலையில் 1,250 என்ற நலனை எட்ட அவருக்கு 70.7 வருமானம் போதும். ஆக, வருமானத்தில் 29.3-ஐப் பறிகொடுத்தவரின் நிலைக்கு அவர் வந்துவிட்டார். அரசு பெற்றது 25. மீதி 4.3 யாருக்குப் போனது? யாருக்கும் போகவில்லை. பாடநூல்கள் இதை மிகைச் சுமை என்கின்றன.

வரி போட்ட பிறகு அவர் வாங்காமல் விட்ட அலகுகளைப் பாருங்கள். விற்காத பொருளுக்கு வரி வராது என்பதால் அவற்றிலிருந்து அரசுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அவற்றால் அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த பயன் போய்விட்டது. வருமானம் குறைந்ததால் வாங்குவது குறைவது ஒன்று, அது வருமான விளைவு. விலை உறவு மாறியதால் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு ஒதுங்குவது வேறொன்று, அது பதிலீட்டு விளைவு. 1915-இல் பொருளியலாளர் யூஜின் ஸ்லட்ஸ்கி இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். வருமான விளைவு எந்த வரியிலும் இருக்கும். அரசுக்கு வருகிற பணத்தின் மறுபக்கம் அது. பதிலீட்டு விளைவுக்கு அப்படி ஒரு மறுபக்கம் இல்லை. மிகைச் சுமை பிறக்கும் இடம் அதுதான்.

இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். அந்தப் பொருள் வரியில் வசூலான தொகை முழுவதையும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் கைக்கு வரும் மொத்தம் 133.3 ஆகும். வரி சேர்ந்த விலையில் முதல் பொருளில் 33.3 அலகும், இரண்டாவதில் 66.7 அலகும் வாங்குவார். பெருக்கினால் 2,222. தொடக்கத்தில் இருந்த 2,500 திரும்ப வரவில்லை. அரசு ஒரு காசுகூடத் தன்னிடம் வைத்துக்கொள்ளாதபோதும், பழைய 100 வருமானத்தில் ஏறத்தாழ 5.7 குறைந்தவரின் நிலையில்தான் அவர் இருக்கிறார். வசூலும் இழப்பும் ஒன்றே என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வரி கேட்கும் மன்னனிடம் வயலுக்குள் புகுந்த யானையைக் காட்டிய சங்கப் புலவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. வாய்க்குள் போவதைவிடக் கால்பட்டுக் கெடுவது அதிகம் என்றார் அவர். அந்தப் பாட்டை அளவுக்கு மிஞ்சி வரி வாங்காதே என்ற அறிவுரையாக மேடைகளில் எடுத்துச் சொல்கிறோம். அதில் ஒரு கணக்கு முறையும் இருக்கிறது. வாய்க்கு ஒரு கணக்கு, காலுக்கு ஒரு கணக்கு. உங்கள் அறிக்கைகளில் வாய்க்கணக்கு மட்டுமே இருக்கிறது.

இங்கிலாந்தில் 1696-இல் சன்னல்களுக்கு வரி விதித்தார்கள். 1851 வரை, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அது நீடித்தது. சன்னல் அதிகமுள்ள வீடு பணக்கார வீடு, வெளியில் நின்றே எண்ணிவிடலாம், யாருடைய வருமானத்தையும் துருவ வேண்டியதில்லை என்பதுதான் நோக்கம். அந்தக் காலத்தின் நிருவாக வசதிக்கு அது கெட்டிக்கார யோசனைதான். 1747 முதல் 1757 வரை இருந்த விதிப்படி, 10 முதல் 14 சன்னல் உள்ள வீட்டுக்காரர் ஒவ்வொரு சன்னலுக்கும் 6 பென்சு கட்ட வேண்டும். 9 சன்னல் இருந்தால் இந்த வரி கிடையாது. அப்படியானால் பத்தாவது சன்னல் ஒன்றுக்கு மட்டும் 60 பென்சு. மக்கள் என்ன செய்திருப்பார்கள் என்று ஊகிக்க வேண்டியதில்லை. சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். புது வீடுகளைக் குறைந்த சன்னல்களோடு கட்டினார்கள். அடைத்த சன்னலுக்கு வரி இல்லை, உள்ளே இருப்பவர்களுக்கு வெளிச்சமும் காற்றும் இல்லை. அந்த வீட்டுக்காரர் அந்தச் சன்னலுக்காகக் கருவூலத்துக்குச் செலுத்தியது சுழியம். வசூல் பதிவேட்டை மட்டும் பார்த்தால் அவருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்றே முடிவுக்கு வருவீர்கள்.

விகிதம் கூடக்கூட இந்த இழப்பு வசூலைவிட வேகமாக வளரும். 1844-இலேயே பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்யூயி, வீணாகும் பயன் வரியின் வர்க்கத்தை (வரியை அதனாலேயே பெருக்கிய அளவை) ஒட்டிக் கூடுகிறது என்று சொல்லிவிட்டார். நம் கணக்கிலேயே பார்க்கலாம். முதல் பொருளின் மீது 25 விழுக்காடு வரி என்றால் வசூல் 10, மிகைச் சுமை 0.56. 50 விழுக்காடு என்றால் வசூல் 16.7, மிகைச் சுமை 1.7. 100 விழுக்காட்டில் நாம் முன்பு பார்த்த 25-உம் 4.3-உம். விகிதத்தை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் வசூல் ஒன்றரை மடங்கு அல்லது சற்று அதிகமாகிறது. வீணாவது இரண்டரை முதல் மூன்று மடங்காகிறது. ஏற்கெனவே வரி கனத்திருக்கும் பொருள் மீதே இன்னொரு மேல்வரியை ஏற்றும்போது நடப்பது இதுதான். அந்த மேல்வரி பார்வைக்குச் சிறியதாக இருக்கும். அதன் கடைசிக் கூறு செய்யும் சேதம் சிறியதாக இருக்காது.

அப்படியானால் பொருள் வரிகளையெல்லாம் ஒழித்துவிட்டு வருமான வரியையே நம்பலாமே என்று சிலர் உடனே முடிவு கட்டிவிடுவார்கள். அந்த அவசரத்தோடு எனக்கு உடன்பாடில்லை. மேலே போட்ட கணக்கில் வருமானம் 100 என்று நாமே வைத்துக்கொண்டோம். வரி போட்டாலும் அந்த மனிதர் அதே அளவு உழைத்தார். உண்மையில் ஓய்வும் ஒரு பொருள்தான், அதன் விலை ஒரு மணி நேரக் கூலி. வருமான வரி அந்த விலையைக் குறைத்துவிடுகிறது. இரண்டு பொருள்களுக்கு இடையில் அது தலையிடுவதில்லை. உழைப்புக்கும் ஓய்வுக்கும் இடையில் தலையிடுகிறது. பொருளியலாளர்கள் இயன் லிட்டில் 1951-இலும் மில்ட்டன் ஃபிரீட்மன் 1952-இலும், வருமான வரி எப்போதும் மேல் என்ற பழைய நிறுவலைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். எல்லாப் பொருளுக்கும் சீராக 25 விழுக்காடு வரி விதிப்பதும், சம்பாதித்ததை அப்படியே செலவழிக்கும் ஒருவரின் வருமானத்துக்கு 20 விழுக்காடு வரி விதிப்பதும் ஒன்றே: 100 சம்பாதித்தவர் இரண்டு வழியிலும் 80 மதிப்புள்ள பொருளைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார். பெயரில்தான் ஒன்று நேர்முக வரி, மற்றொன்று மறைமுக வரி.

ஓய்வுக்கு நேரடியாக வரி போட முடியாது என்பதால், ஓய்வு நேரத்தோடு சேர்த்து நுகரப்படும் பொருள்களுக்குச் சற்றுக் கூடுதல் வரி போடலாம் என்று பொருளியலாளர்கள் கார்லெட்டும் ஹேகும் 1953-இல் காட்டினார்கள். தருக்கம் சரியானது. நடைமுறையில் எந்தப் பொருள் எந்த அளவுக்கு ஓய்வோடு ஒட்டியது என்று நிறுவுவது கடினம் என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. 1927-இல், 24 வயதில், கணிதவியலாளர் ஃபிராங்க் ராம்சே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: குறிப்பிட்ட தொகையைப் பொருள் வரிகளால் மட்டுமே திரட்ட வேண்டுமென்றால், இழப்பு மிகக் குறைவாக இருக்க எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி? அவர் விடையை எளிமைப்படுத்திச் சொன்னால், விலை ஏறினாலும் மக்கள் வாங்குவதைக் குறைக்காத பொருளுக்குக் கூடுதல் வரி போடு என்பது. யாரும் ஒதுங்கிப்போகவில்லை என்றால் பதிலீட்டு விளைவு இல்லை, மிகைச் சுமையும் இல்லை. கணிதத்தில் குற்றம் காண முடியாது. ஆனால் விலை ஏறினாலும் வாங்குவதைக் குறைக்க முடியாத பொருள் எது? நாள்தோறும் உட்கொண்டாக வேண்டிய மருந்து. அடுப்பெரிக்கும் எரிபொருள். உணவு. அந்த மருந்துக்கு வரி போட்டால் நோயாளி ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்க மாட்டார், வேறு எதையெல்லாமோ குறைப்பார். பாடநூல் வரைபடத்தில் மிகைச் சுமையைக் குறிக்கும் முக்கோணம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். அவருடைய வாழ்க்கையிலிருந்து எதுவும் மறையவில்லை என்று அதற்குப் பொருளில்லை. ராம்சேயின் கணக்கில் இருந்தது ஒரேயொரு நுகர்வோர். ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு அதற்குள் வரவே வழியில்லை. அவர் கேட்ட கேள்வி அவ்வளவுதான் என்பதால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த விடையை, பல வருமானப் பிரிவினர் வாழும் நாட்டின் மீது அப்படியே பொருத்துவதைத்தான் குறை சொல்கிறேன்.

ஆகவே மிகைச் சுமை என்ற ஓர் எண்ணை மட்டும் சேர்த்துவிட்டால் போதும் என்றும் நான் நினைக்கவில்லை. அந்த இழப்பு எந்த வருமானப் பிரிவினர் மீது எவ்வளவு விழுகிறது என்று பிரித்துக் காட்ட வேண்டும். குறைந்த வருமானக்காரர் பெறுவதை எல்லாம் செலவழித்துவிடுவார். கூடுதல் வருமானக்காரர் ஒரு பங்கைச் சேமிப்பார். அதனால் ஓர் ஆண்டு வருமானத்தோடு ஒப்பிட்டால் பொருள் வரி பொதுவாகத் தேய்வீத வரியாகவே, அதாவது வருமானம் குறைந்தவரிடம் வருமானத்தின் கூடுதல் பங்கை எடுக்கும் வரியாகவே, வேலை செய்கிறது. வருமானம் கூடக்கூட விகிதமும் கூடுகிற வளர்வீத வருமான வரி இதை ஈடுகட்ட முடியும். பொருளியலாளர்கள் அட்கின்சனும் ஸ்டிக்லிட்சும் 1976-இல் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். வளர்வீத வருமான வரியைத் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ள முடிகிற நாட்டில், எந்தப் பொருளை விரும்பி வாங்குகிறோம் என்பது உழைக்கும் நேரத்தோடு தொடர்பில்லாத ஒன்றாக இருந்தால், பொருளுக்குப் பொருள் வரி விகிதத்தை மாற்ற வேண்டிய தேவையே இல்லை என்று நிறுவினார்கள். அடிப்படைப் பொருளுக்கு வரிவிலக்கு தரும்போது அதை அதிக அளவில் வாங்கும் வசதியானவர்களுக்கும், தொகையாகப் பார்த்தால் சிலவேளை அவர்களுக்கே கூடுதலாகவும், அந்தச் சலுகை போய்ச் சேர்கிறது. இல்லாதவருக்கு உதவ விரும்பினால் பணத்தை நேராக அவர் கையில் கொடுப்பது மேல். ஆனால் பலருடைய வருமானம் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத நாடுகளில் அரசால் வருமானத்தை எட்டவே முடிவதில்லை. அங்கே பொருள் வரி தவிர்க்க முடியாதது, அடிப்படைப் பொருள்களுக்கு விலக்கு தருவதும் நியாயமானது. எந்த நாட்டுக்கு எது பொருந்தும் என்பதை அந்தந்த நாட்டின் எண்களே சொல்ல வேண்டும். அந்த எண்களைத்தான் கேட்கிறேன்.

மறைமுக வரி வலிக்காது, மக்கள் அதைக் கவனிப்பதே இல்லை என்று சிலர் அதை ஒரு சிறப்பாகவே சொல்கிறார்கள். இது தவறு என்பது என் உறுதியான கருத்து. ராஜ் செட்டி, ஆடம் லூனி, கோரி கிராஃப்ட் மூவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் அமெரிக்கப் பேரங்காடியில் வரி சேர்ந்த விலையையும் அடுக்கில் எழுதி ஒட்டிப் பார்த்தார்கள். பணம் கட்டும் இடத்தில் எப்போதும் சேர்க்கப்பட்டு வந்த அதே வரிதான். புதிதாக எதுவும் கூட்டப்படவில்லை. ஆனாலும் அந்தப் பொருள்களின் விற்பனை ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்தது. வரி இருப்பது தெரிந்தும், கண்ணில் படாதவரை மக்கள் அதை விலையோடு சேர்த்து நினைப்பதில்லை. அப்போது அந்தப் பொருளை வாங்குவது குறையாது, உங்கள் முக்கோணமும் சிறுத்துத் தெரியும். ஆனால் பணம் போனது போனதுதான். மாதக் கடைசியில், திட்டமிடாத ஏதோ ஒரு செலவை வெட்டி அதைச் சரிக்கட்டுவார்கள். எதை வெட்டினார்கள் என்பது எந்தக் கணக்கிலும் வராது. கவனிக்கப்படாத வரியை வலியில்லாத வரி என்று இனியும் எழுதாதீர்கள்.

புகையிலை போன்ற பொருள்கள் மீதான வரியைப் பற்றி இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை. பிறருக்குத் தீங்கு செய்யும் நுகர்வின் மீது வரி போடலாம் என்று பொருளியலாளர் ஆர்தர் பிகு 1920-இல் எழுதியதற்கு அடிப்படை, அங்கே வாங்காமல் விடப்படும் அலகுகளே நோக்கம் என்பது. அந்த வரிகளின் இழப்புக் கணக்கில் தவிர்க்கப்பட்ட தீங்கையும் கழித்துக் காட்டுங்கள். யார் மீது வரி என்று சட்டம் சொல்வதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். விற்பவரிடம் வசூலித்தாலும், வாங்குபவரிடம் வசூலித்தாலும், ஒதுங்கிப்போக வழியில்லாத பக்கத்தின் தலையில்தான் சுமையின் பெரும்பகுதி இறங்கும்.

இப்படியொரு மதிப்பீடு துல்லியமாக வராது, விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்ற நெகிழ்ச்சியை யாராலும் சரியாக அளக்க முடியாது, தவறான எண்ணை வெளியிட்டு மக்களைக் குழப்புவதைவிட வெளியிடாமல் இருப்பது நல்லது என்பீர்கள். நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு இதுதான். இதில் பாதி உண்மை இருக்கிறது. நம் சிறு கணக்கிலேயே அளவுகோலைப் பொறுத்து விடை மாறும். வரி வந்தபின் அவர் எந்த அளவு வருமானக் குறைவுக்குச் சமமான நிலையில் இருக்கிறார் என்று கேட்டால் 29.3. பழைய நலனுக்கு அவரைத் திருப்பிக் கொண்டுவர எவ்வளவு ஈடு தர வேண்டும் என்று கேட்டால் 41.4. பொருளியலாளர் மார்ஷலின் நுகர்வோர் உபரியை, அதாவது ஒருவர் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகைக்கும் உண்மையில் கொடுக்கும் தொகைக்கும் உள்ள வேறுபாட்டை, வைத்துக் கணக்கிட்டால் நடுவில் 34.7. மூன்றும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். வரி சிறியதாகவும், செலவில் அந்தப் பொருளின் பங்கு குறைவாகவும் இருந்தால் மூன்றும் நெருங்கி வந்துவிடும். எது எந்தக் கேள்விக்கான விடை என்று ஒரு வரி எழுதிவிட்டால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

மறுப்பின் மற்றப் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. வசூலை நீங்கள் எப்படி மதிப்பிடுகிறீர்கள்? வரி வந்தபின் மக்கள் எவ்வளவு வாங்குவார்கள் என்று ஓர் அனுமானம் இல்லாமல் வசூலைச் சொல்லவே முடியாது. நம் கணக்கில் வாங்கும் அளவு மாறாது என்று நினைத்திருந்தால் வசூல் 50 என்று எழுதியிருப்பீர்கள். 25 என்று எழுதினால், 25 அலகு வாங்கப்படாமல் போகும் என்பதை முன்கூட்டியே கணித்துவிட்டீர்கள் என்று பொருள். அந்தக் குறைவில் எவ்வளவு வருமான விளைவு, எவ்வளவு பதிலீட்டு விளைவு என்று பிரிக்கத் தேவையான குடும்பச் செலவுக் கணக்கெடுப்புகளைப் பல நாட்டுப் புள்ளியியல் துறைகள் நடத்துகின்றன. அந்த நெகிழ்ச்சி வசூலைச் சொல்ல நம்பகமானது என்றால், இழப்பைச் சொல்லவும் அதே அளவுக்கு நம்பகமானதுதான்.

ஆகவே அடுத்த வரி முன்மொழிவின் அட்டவணையில், வசூல் மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்திகளைச் சேருங்கள். ஒன்றில் நுகர்வோர் இழக்கும் மொத்த நலனின் பண மதிப்பு, கீழ் எல்லையும் மேல் எல்லையுமாக. மற்றொன்றில் அது வருமானப் பிரிவு வாரியாக எப்படி விழுகிறது என்பது. நீங்கள் எடுத்துக்கொண்ட நெகிழ்ச்சி எண்களை அடிக்குறிப்பில் போடுங்கள், வெளியிலிருப்பவர்களும் கணக்கைச் சரிபார்க்கட்டும். அதே தொகையை வருமான வரியில் திரட்டினால் இந்தப் பத்திகள் எப்படி மாறும் என்பதையும் ஒரு மாற்று வரிசையாகக் கொடுங்கள். நீங்கள் எடுக்கும் முடிவு பொருள் வரியாகவே இருக்கலாம், அதற்கு நல்ல காரணங்களும் இருக்கலாம். அந்தக் காரணங்களை வரி கட்டப்போகிறவர்கள் முன்னால் இந்த எண்களை வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பொருளியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்